மேசையின் உயரம்

முப்பது ஆண்டுகள் மலாக்காவில் அறுவைக்கூடத் தாதியாக இருந்தவள் நான். விதிமுறைகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் ஓய்வுக்குப் பிறகும், சிறு துளை வழியே அறுவை செய்யப் பழகும் புது டாக்டர்களின் பயிற்சியை மேற்பார்வையிட அழைத்தார்கள்.

மூடிய பெட்டிக்குள் இரண்டு நீண்ட இடுக்கிகளை நுழைத்து, திரையைப் பார்த்தபடியே பத்துக் கொண்டைக்கடலைகளைக் கிண்ணத்தில் போட வேண்டும். பக்கத்து ஊரான ரெம்பியாவிலிருந்து வந்த டாக்டர் பெண், என்னைப் போலவே குள்ளம், இரண்டு முறை தோற்றாள். மூன்றாவதும் போனால் அந்த ஆண்டு அவளுக்கு அறுவைக்கூடம் கிடையாது.

"டாக்டர், கடலை முளைச்சிடப் போகுதுலா!" என்றேன்.

"எங்க, நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சிஸ்டர்."

இடுக்கிகளை வாங்கினேன். தோள்கள் காதுவரை ஏறின, கை நடுங்கியது. ஒரு கடலைகூடச் சிக்கவில்லை. அப்போதுதான் மேசையைக் கவனித்தேன். இடுக்கியின் கைப்பிடி அறுவை செய்பவரின் முழங்கை மட்டத்துக்கு வரும்படி மேசை இருக்க வேண்டும் என்பது முதல் விதி. நானோ பழக்கதோஷத்தில், ஆறடி டாக்டர்களுக்கு வைக்கும் உயரத்தில் வைத்திருந்தேன்.

"மன்னிச்சிடுங்க டாக்டர், தப்பு என்னோடது," என்று மேசையை இறக்கினேன். முந்தைய இரண்டு தோல்விகளையும் அவளுடைய மதிப்பெண் தாளில் அடித்துவிட்டு, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்றாவது முறை அவள் எடுத்த பத்தும் கிண்ணத்தில் விழுந்தன.

இத்தனை ஆண்டுகளில் புது டாக்டர்களின் நடுங்கிய கைகளைப் பார்த்து முகக்கவசத்துக்குள் எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! அவர்களில் எத்தனை பேருக்கு மேசை உயரமாக இருந்ததோ. ஒருத்திக்காவது இறக்கி வைத்தேன் என்பதில் எனக்கு நிறைவுதான்.