ஹனா கொண்டுவந்த படம்

குழைத்த சந்தனத்தின் மணமும் வறுத்த மிளகாய்த்தூளின் காரமும் கலந்து மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பக்தி வருவதில்லை, பொறாமைதான் வருகிறது. புலம்பெயர்ந்து வந்து ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த வீட்டில், சமையலறை அலுமாரியின் மேல்தட்டுத்தான் அம்மாவின் "சாமித்தட்டு". தெய்வங்களுக்குப் பக்கத்தில் இறந்துபோன உறவினரின் படங்கள் சந்தனப் பொட்டோடு வரிசையாக நின்றன. அம்மாவின் அப்பப்பாவுக்கு, அதாவது என் பூட்டனுக்கு மட்டும் படம் கிடையாது. மலாயாவில் ரயில் நிலையமொன்றில் வேலை பார்த்த அவரை, அந்த நாட்டைப் பிடித்த ஜப்பான் படை சயாமில் தண்டவாளம் போடக் கொண்டுபோனது, அவர் திரும்பவில்லை. அவருக்கென்று தட்டில் விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் ஆடி அமாவாசையில் அம்மா விளக்கேற்றுவார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், வகுப்பில் உலகப் போரைப் படித்தபோது, வீட்டிலிருந்து ஏதாவது நினைவுப்பொருள் கொண்டுவரச் சொன்னார் ஆசிரியை. ஹனா என்ற ஜப்பான்காரப் பிள்ளை ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்தாள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த காலையில் இறந்த, அவள் தாத்தாவின் அக்கா. எங்கள் வயதுதான், இரட்டைப் பின்னல். ஆசிரியைக்குக் கண் கலங்கியது, வகுப்பே எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. என் முறை வந்தபோது பூட்டனின் கதையைச் சொன்னேன். படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இடைவேளையில் ஹனாவின் படத்தை எடுத்து என் புத்தகப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அன்று மாலையே அம்மா அதைக் கண்டுவிட்டார்.

"சப்பான்காரப் பிள்ளை, அணுகுண்டில செத்தது. இவையளின்ர ஆக்கள்தானே பூட்டனைக் கொண்டுபோனவை?" என்றேன். அம்மா என் பக்கம் நிற்பார் என்றுதான் நம்பினேன்.

"ஆர் பெத்த பிள்ளையோ. செத்த பிள்ளையைப் பைக்குள்ள ஒளிச்சு வைக்கிறதே?" என்றவர், பூட்டனுக்கு விட்டிருந்த அந்த இடத்திலேயே படத்தைச் சாத்திவைத்து, நெற்றியில் பொட்டிட்டு விளக்கேற்றினார். கண்ணாடி போடாத படம் என்பதைக் கைப்பழக்கத்தில் மறந்துபோனார். சந்தனம் தாளில் ஊறிவிட்டது. படம் பழுதாகிவிட்டதே என்று அம்மா பதறினார். பூட்டனின் இடமும் போயிற்றே என்று நான் அழுதேன்.

மறுநாள் அம்மாவே என்னோடு பள்ளிக்கு வந்து, "சொறி பிள்ளை" என்று ஹனாவிடம் மன்னிப்புக் கேட்டுப் படத்தைக் கொடுத்தார். இது என்ன கறை என்று ஹனா கேட்டாள். இறந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் வைப்பது என்றேன். அவள் படத்தைத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வீடு கைமாறி, அலுமாரியும் போய்விட்டது. அம்மாவின் தெய்வங்கள் இப்போது என் வீட்டு வரவேற்பறையில், புகை எச்சரிக்கை மணியை அலறவைக்காத மின்விளக்கோடு இருக்கின்றன. போன ஆகஸ்டில் ஹனா டோக்கியோவிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். படத்துக்குப் புதுச் சட்டம் போட்டாளாம். கறையை நீக்கித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, அதை மட்டும் தொட வேண்டாம் என்றாளாம். அம்மாவிடம் காட்டினேன். "அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றார். எனக்கும் சந்தோஷந்தான். ஆனாலும் பழைய எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அந்தச் சிறுமியின் நெற்றியில் எங்கள் வீட்டுச் சந்தனம் இருக்கிறது. அதை வைக்க என் பூட்டனுக்கு ஒரு நெற்றி இல்லை.