புரட்டாசி சனியில் சார்டின்

அசகானில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. இன்றிரவு லேடாங் மலையில் கூடாரம் போடப்போகிறோம். அடிவாரத்து ஒட்டுக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடித்தபடி, நண்பன் மணியம் பையைத் திறந்து தன் ஏற்பாட்டைப் பெருமையாகக் காட்டுகிறான். உள்ளே சார்டின் மீன் டின்களைத் தவிர வேறெதுவும் இல்லை.

நெற்றியில் நாமமிட்ட கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"தம்பி, இன்னைக்குப் புரட்டாசி சனி லா. சைவம் இல்லையா?"

மணியத்தின் முகம் தொங்கிப்போகிறது. "ஐயோ, சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன்டா!"

எனக்கு அந்த விரதமெல்லாம் இல்லை. ஆனாலும் பட்டினி கிடப்பவன் எதிரில் உட்கார்ந்து மீன் தின்ன மனசு வருமா?

அக்கா டின்களை அள்ளி அலமாரியில் அடுக்குகிறார். "இது இங்கயே இருக்கட்டும். புளிசாதமும் கடலைத் துவையலும் கட்டித் தரேன், எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு எறங்கி வந்ததும் சார்டின் பெரட்டல் போட்டுத் தரேன்."

பொட்டலம் கைக்கு வரும்போது மேகம் விலகி, மலையுச்சி பளிச்சென்று தெரிகிறது. நான் அண்ணாந்து பார்க்கிறேன். மணியம் அலமாரியைப் பார்க்கிறான்.

"அக்கா, நாளைக்குக் கடை எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"