அம்சவள்ளியின் வாசலைப் பார்த்தவர்கள்

மலேசியாவின் அசாம் ஜாவாவில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன்களில் ஒன்றை ஓட்டுபவள் அம்சவள்ளி. ஐம்பதைத் தாண்டியவள். வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க மாட்டாள். இறங்கி நின்று பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். தாய்மார்களுக்கு அவளைப் பிடிக்கும். அவள் கணவனோடு வாழவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கணவன் கார்த்திகேசு அம்பாங் பெச்சாவில் இருக்கிறான். லோரி ஓட்டுகிறான். கை ஓங்கத் தயங்காதவன். மகள் விஷாலினி பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை பொறுத்திருந்த அம்சவள்ளி, அதன்பின் ஒரு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு துணிப்பைகளோடு கிளம்பிவிட்டாள். அசாம் ஜாவாவில் தாமான் எனப்படும் குடியிருப்பு ஒன்றில் மூலை வீடு வாடகைக்குக் கிடைத்தது.

அன்று அவள் பக்கம் நின்ற ஒரே ஆள் தம்பி ரவீந்திரன். சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா செம்பனைப் பழ உதிரி பொறுக்கப் போய்விட, அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் அம்சவள்ளிதான். இப்போது அவன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்குத் திலகா என்று ஒரு மகள். புது வீட்டுக்குச் சாமான்களை ஏற்றி வந்து இறக்கியவன் அவன்தான். கார்த்திகேசு போனில் கத்தியபோது அதைப் பிடுங்கி, "இனிமே எங்க அக்காவுக்குப் போன் பண்ணாதீங்க மச்சான்" என்று சொன்னவனும் அவன்தான்.

போன வருடம் தாமானில் இரண்டு வீடுகளில் திருடு போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரவீந்திரன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். கேமரா வைத்த வாசல் பெல். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் துளை போட்டு அவனே மாட்டினான்.

"யாராச்சும் பெல் அடிச்சா ஒன் போன்ல மொகம் தெரியும்கா. விஷாலினி வேற வேலைக்காக ரவாங்ல தங்கிட்டா. நீ தனியா இருக்க. எனக்கும் நிம்மதியா இருக்கும் லா."

அம்சவள்ளி அவனுக்கு நண்டுக் குழம்பு வைத்துப் போட்டாள். வேனில் ஏறும் பிள்ளைகளிடம்கூட, "எங்க தம்பி மாட்டிக் குடுத்துச்சு" என்று சொன்னாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் மழை ஈரத்தில் வாசலில் வழுக்கி அவளுக்குக் கால் பிசகியது. வேன் ஓட்ட முடியாமல் வீட்டிலேயே கிடந்தாள். பக்கத்து வீட்டுக் கங்கா சோறு கொண்டுவந்து கொடுப்பாள். வாசலில் நாற்காலி போட்டு இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம், யாரிடமும் சொல்லாததை அம்சவள்ளி அவளிடம் சொன்னாள்.

"அவரு செருப்புச் சத்தம் கேக்காத வீட்லதான் எனக்குத் தூக்கமே வருது கங்கா."

கங்கா அவள் முழங்கையைத் தொட்டாள்.

கால் சரியான பிறகு கோலா சிலாங்கூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அங்கே கணவனின் அக்கா நாகமணி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலு தேவலையா அம்சா? செவுத்தப் புடிச்சிக்கிட்டு நொண்டி நொண்டி நடந்தியே."

"ஒங்களுக்கு யாரு சொன்னா அண்ணி?"

நாகமணி சிரித்தாள். "என்னமோ கேள்விப்பட்டேன். எங்க தம்பி செருப்புச் சத்தம் கேட்டா ஒனக்குத் தூக்கம் வராதாமே? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத லா."

அம்சவள்ளி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சாப்பிடாமல் வீட்டுக்குத் திரும்பினாள். வேனை நிறுத்தியதும் நேராகக் கங்காவின் கதவைத் தட்டினாள்.

"ஒன்ன நம்பித்தான சொன்னேன்? எதுக்கு அவங்ககிட்டப் போய்ச் சொன்ன?"

கங்காவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவள் கண் கலங்கியது. "அந்தப் பொம்பளைய நான் பாத்ததுகூட இல்லக்கா. என்னையவா கேக்கிறீங்க?"

பிறகு கங்காதான் மெல்லக் கேட்டாள். "நாம எங்க ஒக்காந்து பேசுனோம்?"

அம்சவள்ளி தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகள் அங்கேயே கிடந்தன. அவற்றுக்கு நேர் மேலே சுவரில் அந்த பெல் இருந்தது.

மகளுக்குப் போன் போட்டாள். விஷாலினி பெல் கேமராவுக்கான கணக்கு விவரங்களை அம்மாவிடம் கேட்டுத் தன் போனில் திறந்து பார்த்தாள்.

"அம்மா, அந்த அக்கவுண்ட் மாமா பேர்ல இருக்கு. நீங்க சும்மா பெல் அடிச்சா பாக்கலாம், அவ்வளவுதான். ஆள் நடந்தாலே அது ரெக்கார்ட் பண்ணும், வாய்ஸும் சேத்து. அத யாருக்கு ஷேர் பண்றதுன்னு மாமாதான் முடிவு பண்ணுவாரு."

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை ரவாங்குக்கு விட்டாள். ரவீந்திரன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"என் வாசல அவருக்குக் காட்டுனியா தம்பி?"

இல்லை என்று சொல்வான் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்திருந்தாள். அவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.

"போன வருஷத்திலேர்ந்து திலகாவுக்கு மாப்பிள்ள பேசுறோம்ல. அவங்க வீட்ல அத்தை ஏன் தனியா இருக்காங்கன்னு கேக்குறாங்க. மச்சான் போற எடத்துலல்லாம் ஒன்னப் பத்திக் கன்னாபின்னான்னு பேசிக்கிட்டிருந்தாரு, யாரோ வந்து போறாங்கன்னு. நீங்களே பாத்துக்குங்கன்னு குடுத்தேன். ஒன் மேல ஒரு கொறையும் இல்லன்னு அவரே தெரிஞ்சிக்கட்டும்னுதான்கா."

"எவ்ளோ நாளா?"

"மாட்டுன கொஞ்ச நாள்லேர்ந்து."

அம்சவள்ளி மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு துணி காயப்போட்டது, கால் வலியில் வாசலில் உட்கார்ந்து அழுதது, எல்லாம் அம்பாங் பெச்சாவில் கார்த்திகேசு வீட்டுக் கூடத்தில் ஓடியிருக்கிறது.

"நான் நல்லவளான்னு அவருகிட்டயா சர்டிபிகேட் கேட்ட? என்னைய அடிச்ச ஆளுகிட்ட?"

"குடும்பத்துக்காகத்தான்கா செஞ்சேன்."

"எந்தக் குடும்பத்துக்கு?"

அவன் மற்றொரு சப்பாத்தை எடுத்து மாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் கங்காவின் கணவரை அழைத்துச் சுவரிலிருந்து அதைக் கழற்றினாள். காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கணக்கு தம்பியுடையது, அவரே விரும்பிப் பகிர்ந்திருக்கிறார், இதில் என்ன செய்ய முடியும் என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். விஷாலினி கேமரா நிறுவனத்துக்கு எழுதினாள். பதிவுகளை அழிக்கும்படி கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே கேட்கலாம் என்று பதில் வந்தது. தன் அழுகையை அழிக்க அம்சவள்ளி தம்பியிடம் கெஞ்ச வேண்டும்.

கெஞ்சவில்லை. விஷாலினி மாமாவின் எதிரில் உட்கார்ந்து அழிக்க வைத்தாள். கார்த்திகேசு தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

திலகாவின் சம்பந்தம் கூடி வந்தது. பத்திரிகையோடு ரவீந்திரன் வந்தபோது அம்சவள்ளி அவனை உட்காரச் சொல்லவில்லை. கூட வந்த திலகா அழுதாள். "எனக்குச் சத்தியமா தெரியாது அத்தை. நீங்க வரலன்னா நான் மேடை ஏறமாட்டேன்."

"வரேன். அவர மட்டும் கூப்பிடாதீங்க."

"கூப்பிடமாட்டேன்கா," என்றான் ரவீந்திரன்.

கல்யாணத்தன்று அம்சவள்ளி கங்காவையும் அழைத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் முன்வரிசையில், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்தில், வேட்டி சட்டையில் கார்த்திகேசு உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்த ரவீந்திரன் அக்காவைப் பார்த்ததும் வேகமாக வந்தான்.

"அவங்க வீட்ல கேட்டாங்கக்கா, மாமா வரலியான்னு. இன்னிக்கி ஒரு நாளைக்கி..."

அவள் அவனைத் தாண்டி மணப்பெண் அறைக்குப் போனாள். திலகாவின் தலையில் கை வைத்து, கன்னத்தைத் தடவி, "நல்லா இரும்மா" என்றாள். வெளியே வந்து வேன் சாவியை எடுத்தாள்.

"சாப்பிடலயாக்கா?" என்று பின்னாலேயே வந்த கங்கா கேட்டாள்.

"போற வழியில கடையில சாப்பிடலாம் வா."

ரவீந்திரன் இப்போதும் போன் செய்கிறான். அவள் எடுப்பதில்லை. கங்கா சோறு கொண்டுவந்து கொடுத்தால் இருவரும் அடுப்படியில் நின்று பேசுகிறார்கள், குரலைத் தாழ்த்தி. அங்கே ஒட்டுக்கேட்க எந்தக் கருவியும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.