கோதண்டத்தின் சுருட்டுப் பதம்

கோதண்டம் என்ற பெயரைக் கிளியம்மாள் முதன்முதலில் கேட்டது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. "மாப்ள சொக்கத் தங்கம். கூட ஒரு தம்பி கீறான், கோதண்டம்னு பேரு. சுருட்டு மட்டும்தான் பிடிப்பான், வேற ஒரு கெட்ட பயக்கம் கெடையாது" என்று தரகர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலிலிருந்து ஒரு புகை மண்டலம் உள்ளே வந்தது. கிளியம்மாளின் அம்மா கோவிந்தம்மா, பஜ்ஜிதான் கருகுகிறதென்று அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

அது ஆகிவிட்டது பதினைந்து வருஷம். கிளியம்மாளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியார் போய்ச் சேர்ந்தாள், கொழுந்தன் மட்டும் அதே புகையோடு அதே வீட்டுப் பின்னறையில் இருந்தான். தண்டலம் தாண்டி ஒரு கம்பெனியின் கெஸ்ட் அவுஸில் அவனுக்கு வேலை. பாய் விரிப்பதிலிருந்து காபி கொடுப்பது வரை அவன்தான். எட்டு வருஷமாக டெம்பரவரி.

எடுத்த எடுப்பில் சுருட்டைப் பற்ற வைக்கிற ஆளில்லை அவன். வலது கை சுருட்டை அழுத்தும், இடது கை தன் காதுமடலை அழுத்தும். இரண்டும் ஒன்றுபோல் மெத்தென்று இருக்க வேண்டும். "காது மாரி இருந்தா வட்டமா எரியும் அண்ணி. காஞ்சி பூட்டா ஒரு பக்கமா ஓடும். ஈரமா இருந்தா இஸ்து இஸ்து நம்ப கன்னந்தான் ஒட்டிப்பூடும்" என்பான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவர் காதையும் பிடித்துப் பார்ப்பான். தபால்காரர் காதைப் பிடித்ததிலிருந்து அந்த வீட்டுக் கடிதங்கள் எதிர்வீட்டுக்குத்தான் போகின்றன.

படப்பைப் பாண்டுரங்கனின் மகள் அம்சவல்லியை அவனுக்குக் கேட்டிருந்தார்கள். பாண்டுரங்கன், கிளியம்மாளின் தாத்தாவுக்கு இளைய தாரத்துப் பிள்ளை. அவளுக்குச் சித்தப்பா முறை. "பையனுக்கு வேல பர்மனென்ட் ஆவட்டும், அப்புறம் பேசலாம். டெம்பரவரி மாப்ளைக்குப் பொண்ணையும் டெம்பரவரியாவா அனுப்புவாங்க?" என்று அவர் முடித்துவிட்டார். இதில் கோதண்டத்தைவிட மனசு உடைந்தவள் கிளியம்மாள்தான். பின்னறை காலியாகும், அதில் நெல் மூட்டை அடுக்கலாம் என்று அவள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

இப்படி இருக்கையில் பங்குனி பிறந்ததும் முதலாளி பலராமன் கெஸ்ட் அவுஸுக்கு வந்து, சிங்கப்பூரிலிருந்து தருவித்த சுருட்டுப் பெட்டியைத் திறந்தார். பெருவிரல் தடிமனில், ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் தங்கக் காகிதம் கட்டிய சுருட்டுகள். போன தடவை வந்தபோது வைத்துவிட்டுப் போனது. கெஸ்ட் அவுஸுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகலில் உள்ளே வைத்த பொருள் எதுவானாலும் வற்றலாகிவிடும். பலராமன் பற்ற வைத்தார். சுருட்டு ஒரு பக்கமாகவே ஓடி எரிந்து, பாதிப் படகு மாதிரி நின்றது. பொறி தெறித்து அவர் பட்டு ஜிப்பாவில் பொத்தல் விழுந்தது.

"கடல் தாண்டி வந்த சாமான், உன் கையில ஊதுபத்தி ஆயிடுச்சேய்யா! அடுத்த மாசம் மெஷின் மாட்ட ஜெர்மன்காரர் வர்றார். சாப்பாடு ஆனதும் அவரோட உக்காந்து பிடிக்கணும். அன்னிக்கு இது நேரா எரிஞ்சா உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா வேற எடம் பாத்துக்க."

மிச்சமிருந்தது பத்துச் சுருட்டு. அவற்றைத் துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்து, பள்ளம் மேடு பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வருகிறவன் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தான் கோதண்டம்.

விலையுயர்ந்ததைத் தொடவில்லை. தன் நாட்டுச் சுருட்டை வைத்துத்தான் முதலில் இடம் தேடினான். அதற்கு அவன் கண்டுபிடித்த கருவி அப்பளம். சுருட்டுக்குப் பக்கத்தில் பொரித்த அப்பளம் ஒன்றை வைத்துவிடுவான். காலையில் அது மொறுமொறுவென்று உடைந்தால் அந்த இடம் காய்ச்சல். துணிபோலத் தொங்கினால் ஈரம். உடையவும் கூடாது, தொங்கவும் கூடாது, வளைய வேண்டும். அரிசிப் பானையில் வைத்தான், உடைந்தது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்தான். அப்பளம் கைக்குட்டையாயிற்று, சுருட்டு உப்பித் தோல் வெடித்தது. அதைப் பற்ற வைக்கப் பதினோரு தீக்குச்சி செலவாகியும் அது கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னா கொயந்தனாரே, புள்ளைங்க சோத்துக்கு அப்பளமே இல்ல, உன் சுருட்டுக்கு மட்டும் தெனம் விருந்தா?" என்றாள் கிளியம்மாள்.

"பதம் கெடைக்கல அண்ணி."

"உனக்குத்தான் பதம் கெட்டுப் போயிருக்குது."

அந்த வாரம் கிளியம்மாள் கோழியை அடைவைத்திருந்தாள். பழைய கூடையில் மணல், மணல்மேல் வைக்கோல், வைக்கோல்மேல் பதினோரு முட்டை. வெயில் கொளுத்தியதால் தினமும் மணலில் ஒரு கை தண்ணீர் தெளிப்பாள். கோதண்டம் கூடையருகே குந்தி வெகுநேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஓர் அப்பளம் எடுத்து வந்தான். அதைக் கோழி தின்றுவிட்டது. இரண்டாவதை வைக்கோலுக்கு அடியில் செருகினான். மறுநாள் விடிந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்: "அண்ணி! வளையுது அண்ணி!"

கிளியம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அடப்பாவி, கோயி அட காக்கறது முட்டையவா, சுருட்டையா?"

"அதுக்கு இன்னா தெரியும்? சூடா ஏதோ கீதுன்னு ஒக்காந்துகினு இருக்கும்."

"பொரிஞ்சி வந்துதுன்னா நீயே தீனி போடு. எனக்கு முடியாது."

பத்துச் சுருட்டையும் வாழைச் சருகில் சுற்றி வைக்கோலுக்கு அடியில் படுக்க வைத்தான். தினம் காலையில் கோழிக்கு அடியில் கை விடுவான், கோழி கொத்தும், கொத்து வாங்கிய கையாலேயே காதைப் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வான்.

ஜெர்மன்காரர் வருகிற நாளும் முட்டை பொரிகிற நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. காலையில் நான்கு குஞ்சு வெளியே வந்திருந்தது. மிச்சம் ஏழு முட்டையில் சிலவற்றுக்குள் கீச்சுக்குரல் கேட்டது. கோழி இறகை விரித்து ஒரு பூதம்போல் உட்கார்ந்திருந்தது. கோதண்டம் மூன்று தடவை கை நீட்டி மூன்று தடவையும் ரத்தத்தோடு திரும்பினான்.

"அண்ணி, கெஸ்ட் அவுஸுக்கு அவரு கார் வந்துடும் அண்ணி."

பொரிகிற நேரத்தில் கோழியைக் கிளப்பினால் மிச்ச முட்டை வீணாய்ப் போகலாம் என்று கிளியம்மாளுக்குத் தெரியும். கூடையைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். பின்னறையைப் பார்த்தாள்.

"ஏழு முட்டை போனாலும் போவுது. நீ இந்த வூட்ட வுட்டுப் போனாப் போதும்" என்று முந்தானையைக் கோழிமேல் போட்டு ஒரே தூக்காகத் தூக்கினாள். அது அவள் முழங்கையைக் கீறித் தள்ளியது. "எடுத்துகினு ஓடு!"

பிறகு கோழி திரும்ப உட்கார்ந்தது. ஏழில் ஐந்து பொரிந்தன, இரண்டு கூமுட்டை.

கெஸ்ட் அவுஸில் அன்றைக்குச் சமையலுக்குக் கிளியம்மாளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் சமையலறைக் கதவிடுக்கில் அவள் கண்ணை வைத்தாள். ஜெர்மன்காரர் நுனியை வெட்டிப் பற்ற வைத்தார். நெருப்பு கோலப்புள்ளிபோல வட்டமாக உட்கார்ந்தது. ஓர் அங்குலம் சாம்பல் சேர்ந்தும் விழவில்லை. பலராமனுடையதும் அப்படியே. கோதண்டம் தட்டோடு பக்கத்தில் நின்றான்.

அப்போது ஜெர்மன்காரர் தங்கக் காகிதத்தில் ஒட்டியிருந்த எதையோ கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பொடிசாக, மஞ்சளாக, பஞ்சுபோல ஒரு தூவி. ஏதோ கேட்டார்.

மானேஜர் வெங்கட்ரமணன் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பதமா இருக்கே, எங்க வெச்சிருந்தேன்னு கேக்கறார்."

'அலமாரின்னு சொல்லுடா, அலமாரின்னு சொல்லித் தொலைடா' என்று கதவுக்குப் பின்னால் கிளியம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் சுருட்டு விஷயத்தில் கோதண்டத்துக்குப் பொய் வராது.

"கோயிக்கு அடியில சார்."

வெங்கட்ரமணன் வாயைத் திறந்து, பலராமனின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். ஜெர்மன்காரர் பதிலுக்காகக் காத்திருந்தார். கோதண்டம் தட்டைக் கீழே வைத்தான். மொசைக் தரையில் குந்தினான். இரண்டு முழங்கையையும் இறக்கையாக விரித்து, பின்புறத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆட்டி அமர்த்தி, கண்ணை மூடி, மெதுவாகச் சொன்னான்: "கொக்... கொக்... கொக்."

ஜெர்மன்காரர் சிரித்த சிரிப்பில்தான் அந்தச் சாம்பல் விழுந்தது.

கோதண்டம் இப்போது அதே கம்பெனியில் பர்மனென்ட். படப்பையில் மாமனார் வீட்டு மாடியில் அம்சவல்லியோடு இருக்கிறான்.