எதிர்வீட்டு அண்ணாச்சியின் பாஸ்வேர்டு

சங்கரன்கோவிலில் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி ஒல்லியானவர், தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். விசைத்தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவருக்கு மெல்லப் பேச வராது. போனில் எதை அடித்தாலும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். முணுமுணுப்பதாக அவருக்கு நினைப்பு, தெருவுக்கே கேட்கும்.

பக்கத்துத் தெருவில் எவனோ ஒரு வீட்டு வைஃபையில் புகுந்து ஒரு பெண்ணுக்கு மிரட்டல் அனுப்ப, போலீஸ் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனது. அன்று சாயங்காலம் அண்ணாச்சி முகம் வெளிறி வந்தார்.

“தம்பி, கேபிள்காரன் எங்க வைஃபைக்கு எங்க போன் நம்பரையே பாஸ்வேர்டா போட்டுட்டுப் போயிருக்கான். எத்தனை எழுத்து போட்டா தப்பிக்கலாம்?”

“பதினாறுக்குக் குறையாம போடுங்க அண்ணாச்சி. சம்பந்தமில்லாத நாலு வார்த்தையச் சேர்த்துட்டா மறக்காது.”

மறுநாள், “இருபத்தஞ்சு போட்டுட்டேன். வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலை,” என்றார். போன் தொலைந்தால் ஆபத்து என்று அதில் சேமிப்பதுமில்லை. தினமும் காலையில் வாசலில் நின்று அதையே முதலிலிருந்து அடிக்கிறார்.

இருபத்தைந்து எழுத்தும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நேற்றுப் பால்காரர் பால் ஊற்றும்போது அதையே முணுமுணுத்தார். நான் சட்டென்று நிமிர்ந்ததில் பாத்திரம் சாய்ந்து பால் சிந்தியது.

அண்ணாச்சி முகத்தில் இப்போதுதான் தெளிவு வந்திருக்கிறது. எப்படிச் சொல்வேன்?