முந்நூறு தேங்காய்களும் ஒரு கறுப்பு வரியும்

போன வாரம் தங்கை மகள் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருவர் பூசணிக்காயில் வளைத்து வளைத்து எழுதுகிறார், உலகமே கைதட்டுகிறது. "மாமா, இதெல்லாம் பெரிய ஆர்ட், தெரியுமா?" என்றாள். தெரியாமலென்ன! இருபது வருஷத்துக்கு முன்னால் சிவகாசியில் இதே காரியத்தை நான் செய்தபோது அதற்கு வெட்டி வேலை என்று பெயர்.

பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் எழுத்து வரைபவனாக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் வெடியின் பெயரை வெடிக்கிற மாதிரி எழுத அதற்கு இன்னும் கைவரவில்லை என்பதால் எனக்கும் ஒரு மேஜை இருந்தது. சீசன் முடிந்து ஆர்டர் இல்லாத நாட்களில் என் கை சும்மா இராது. முட்டை, சோப்பு, வெற்றிலை என்று அகப்பட்டதிலெல்லாம் எழுதிப் பார்ப்பேன். சோப்பு எழுத்து முதல் குளியலோடு போயிற்று. வெற்றிலை எழுத்தை மிஷின் ஓட்டும் காதர் அண்ணன் பார்க்காமல் வாயில் போட்டு மென்றுவிட்டார். முட்டைக்கு அவரே விமர்சகர். "இதுல எழுதி என்னலே பண்ணப் போற? அவிச்சுத் தின்னுட்டுப் போலே!" பெயிண்ட் வாசனை வந்தால் இன்றும் அந்தக் குரல் கேட்கிறது.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. லேபிளின் மூலையில், எறும்பு அளவில், என் பெயர். முதலாளியிடம் கேட்டேன்.

"மொதல்ல எம் மக கல்யாணத் தேங்காயில எழுதுங்க தம்பி. நல்லா வந்தா உங்க பேரைப் போட்டுருவோம்" என்றார்.

தாம்பூலப் பைக்கு முந்நூறு தேங்காய். நாரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்தது. எங்கள் ஊரில் அச்சு என்றால் நிறம் நிறமாகத்தான் ஓடும். லோடு முழுக்க மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. நானும் அப்படியே செய்தேன். மஞ்சளில் பிள்ளையார் சுழி, சிவப்பில் மணமக்கள் பெயர், கறுப்பில் 'வருகைக்கு நன்றி'. திட்டம் அதுதான். ஆனால் எங்கள் லேபிள்களில் கறுப்பில் வருவது எப்போதும் ஒரே வரி. கறுப்புத் தூரிகையை எடுத்ததும் கை அதைத்தான் எழுதியிருக்கிறது. நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று சாப்பிட்டு முடித்து, எனக்குக் கொடுத்த பையைப் பெருமையாகத் திறந்தபோதுதான் பார்த்தேன். மணமக்கள் பெயருக்குக் கீழே, முத்து முத்தாக: 'பற்ற வைத்தவுடன் விலகி நிற்கவும்.'

பையைச் சட்டென்று மூடினேன். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், காரியாபட்டிக்காரர், தன் காயை வெளியே எடுத்து உருட்டிப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். "நீங்க எழுதுனதாமே? அம்புட்டு அழகா இருக்குய்யா!" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார். முந்நூறு காய்களும் வீடு போய்ச் சேர்ந்தன. ஒருவர்கூடப் படிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் எனக்கு நேர்மை என்றொரு வியாதி இருந்தது. திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். தன் வீட்டுக்குப் போயிருந்த காய் ஒன்றை வரவழைத்து, கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி, லேபிளில் என் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டேன்.

"கை காலைக் காப்பாத்துற வரி தம்பி இது. இதையே ஒருத்தரும் படிக்கல. உங்க பேரைப் போட்டா மட்டும் படிச்சுருவாகளாக்கும்?"

என் மேஜைக்குத் திரும்பிப் போனேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. தேங்காய்கள் அந்த வாரமே சட்னியாகிவிட்டன. நான் எழுதிய லேபிள்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் குப்பையோடு கூட்டித் தள்ளப்பட்டன. என் பெயர் இருந்திருந்தாலும் அதே குப்பைக்குத்தான் போயிருக்கும், தெரியும்.

ஆனாலும் போட்டிருக்கலாம்.