கை படாத தண்ணீர்

குரோஷியாவில் செத்தவர்களின் பெயரைச் சின்னத் தாளில் அச்சடித்து, பஸ் நிற்கிற இடத்திலும் மரத்திலும் ஒட்டுகிறார்கள். ஒரு சாண் தாள். சிலுவை, படம், பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம். நம்மூரில் தெருவை அடைத்து ஃபிளெக்ஸ் வைப்போம். ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போகும்போது தினமும் நின்று அந்தத் தாளைப் பார்ப்பேன். மொழி தெரியாது. வருஷத்தைக் கழித்து வயசு போடுவேன். என் தம்பி அந்தோணிக்கு எங்கள் ஊர் தருவைகுளத்தில் இன்னும் ஃபிளெக்ஸ் கட்டவில்லை.

வலையை இழுத்து வாங்கும்போது கால் வழுக்கிக் கடலில் விழுந்தான். பத்து மாசம் ஆகிறது. அந்தப் படகில் அது என் இடம். நான் விமானம் ஏறினேன், அவன் படகேறினான். ஊர்ப் படகெல்லாம் போய்த் தேடியது. கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறந்தோர் பூசை வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. "பெரியவன் சொல்லட்டும். அவன் சொன்னா நான் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். தம்பி மனைவி செல்வி போனில் கேட்பாள்: "அத்தான், நீங்க அங்கன தொழில் பாத்தவுங்கதான, உங்களுக்குத் தெரியாதா? புள்ள அப்பா எப்ப வருவாங்கன்னு கேக்கு. நான் என்னத்தச் சொல்ல?" எனக்குத் தெரியும். விழுந்த இடத்தையும் அன்றைய நீரோட்டத்தையும் கேட்ட அன்றைக்கே தெரியும். என் இடத்தில் போனவனை, கரையில் நின்றுகொண்டு முடிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "பாப்போம்" என்று போனை வைத்துவிடுவேன்.

சீசன் முடிந்ததும் முதலாளி எங்களை வேனில் ஒரு நேஷனல் பார்க்குக்குக் கூட்டிப்போனார். பெயர் என் வாயில் நுழையவில்லை. சுற்றிலும் மலை. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏரிகள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் விழுந்து கிடக்கும் மரங்கள் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்து, கிளையோடு தெரிகின்றன. கூட வேலை பார்க்கும் நேபாளத்துப் பையன் சுமன், நான் சொல்லிக்கொடுத்தபடி என்னை அண்ணாச்சி என்பான். "அண்ணாச்சி, எவ்வளவு மீன் பாரு! வலை எங்கே?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தான். எனக்கு மீனில் கண் போகவில்லை. எங்கள் கடல் ஓர் ஆளையே காட்டவில்லை. இங்கே ஓர் இலை கிடக்கிற இடம்கூடத் தெரிகிறது.

ஏரியைக் கடக்கப் படகு உண்டு. வரிசையில் நின்றோம். படகில் கால் வைக்கும்முன் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவது எங்கள் பழக்கம். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், கை தானாகப் போகும். குனிந்தேன். விசில் ஊதினார்கள். பார்க் காவல்காரப் பெண் வந்து, "நோ டச்" என்றாள். எனக்குத் தாகம் என்று நினைத்தாள் போல, தன் பாட்டிலை நீட்டினாள். "நோ. பிரதர்" என்றேன். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை.

"பிரதர்? இன் வாட்டர்?"

"யெஸ்."

அவள் முகம் மாறியது. வாக்கி டாக்கியை எடுத்துப் பேசிக்கொண்டே மரப்பாலத்தில் ஓடினாள், தண்ணீரையே பார்த்துக்கொண்டு. எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு பின்னால் ஓடினேன். "நாட் ஹியர். இண்டியா. பிரதர் டெட்."

அவள் நின்றாள். வாக்கி டாக்கியில் ஏதோ சொல்லி அணைத்தாள். "சாரி" என்றாள். ஆனாலும் தண்ணீரைத் தொட விடவில்லை. அவள் வேலை அது.

அவள் போன பிறகுதான் உறைத்தது. பத்து மாசமாகச் சொல்லாததை ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல முடிந்தது, பெற்றவளிடம் முடியவில்லையா? அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அம்மா, சாமியார்ட்ட பூசைக்குச் சொல்லிரு."

அங்கே டிவியை நிறுத்தினாள்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசந்தான். அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே தெரிஞ்சுதான் இத்தன நாளு அவன் வாறானான்னு பாக்க என்னயப் படகுத்துறைக்கு நடக்க விட்டியோல?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நீ வருவியா?"

"இங்க வேல பாக்குற கார்டப் புதுப்பிக்கக் குடுத்திருக்கேன். இப்ப வெளிய போனா திரும்ப விட மாட்டாங்க."

"சரி. அவனும் இல்ல, நீயும் இல்ல. செல்விட்ட நானே சொல்லிக்கிடுதேன்." வைத்துவிட்டாள்.

படகு வந்தது. காய்ந்த கையோடு ஏறினேன். பேட்டரிப் படகு, சத்தம் கிடையாது. அலையும் கிடையாது. எல்லாரும் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. சுமன் சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காரு அண்ணாச்சி, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றான். ஆடாத படகில் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, அலைக்கு நிற்கிற மாதிரியே அக்கரை வரை நின்றேன்.